‘ழ’வுக்கு எத்தனை முகவரி?

2005 பிப்ரவரி 16இல் இந்தியாவுக்கான ‘டாட் இன்’ இணைய முகவரிப் பதிவு எல்லோருக்கும் திறந்தது. அதுவரை விதிகள் இறுக்கமாக இருந்ததால், 1992 முதல் 2004 வரை பதிவான பெயர்களே ஏறத்தாழ 7000தான். புதிய விதிப்படி ஜனவரி 1 முதல் 21 வரை வணிகமுத்திரை வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை. பிறகு முந்திக்கொண்டவருக்கே பெயர்.

திருநெல்வேலியில் ஒரு சிறிய பதிப்பகத்துக்காக நானும் முந்தப் பார்த்தேன். அவர்கள் பெயரில் ‘ழ’ இருந்தது. இசட் எச் போடவேண்டும் என்றேன் நான். எல் போட்டுத்தான் தேடுவார்கள் என்றார் உரிமையாளர் அண்ணாச்சி. பெயரில் நெடில் வேறு. அதற்கு ஒரு ஏ போதுமா, இரண்டு வேண்டுமா?

“எல்லாத்தையும் வாங்கிருவோம் தம்பி. நாளைக்கு எவனாவது வாங்கி வச்சுக்கிட்டு வெல சொன்னா என்ன செய்யது?” என்றார் அண்ணாச்சி. நியாயமான பயம்தான். ஒரே பெயரைக் காப்பாற்ற ஆண்டுதோறும் நான்கு கட்டணம் கட்டினார்.

இன்று ‘.இந்தியா’ இருக்கிறது. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ இரண்டும் இருக்கின்றன. ‘ழ’வை ‘ழ’ என்றே எழுதலாம், நெடிலுக்கு வழக்கே இல்லை. அன்று நாங்கள் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் பதிப்பகத்தை இப்போது நடத்தும் அண்ணாச்சி மகன் கேட்கிறார்: “தமிழ்ல யாரு சார் அட்ரஸ் அடிக்கா?”

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணையத்தின் பெயர்ப் பதிவேடு உள்ளுக்குள் இன்னமும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றில்தான் ஓடுகிறது. தமிழ்ப் பெயரை அது ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றிக்கொள்கிறது. வாசகர் கண்ணில் படவே கூடாத அந்தக் கோவை, முகவரியை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் அப்படியே வந்து நிற்கிறது. தமிழ் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் பல படிவங்கள் ‘தவறான முகவரி’ என்று திருப்பியனுப்புகின்றன. தவறு முகவரியில் இல்லை. ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் நிரலில் இருக்கிறது. அதைத் திருத்துவது நடக்காத காரியமல்ல. நிரல் எழுதுபவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். அவர்கள்தான் முதலில் மாறவேண்டும் என்பேன்.

தளம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்யச் சொல்கிறேன். இரண்டு முகவரியும் ஒரே தளத்துக்குப் போகும்படி அமைத்துவிடலாம். அண்ணாச்சி மகனும் ஒத்துக்கொண்டார். அடுத்த புத்தகத்தின் பின்னட்டையில் தமிழ் முகவரியைத்தான் மேலே அச்சிடப் போகிறார்.