ஆற்றங்கரை மின்நிலையம்

கேள்வி: லண்டனில் தேம்ஸ் கரையில் இருந்த அனல்மின் நிலையம் இப்போது கடைவீதியாகிவிட்டதாமே! நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?
(வாசகர், ஓட்டப்பிடாரம்)

பதில்: பேட்டர்சீயைத்தான் கேட்கிறார். 1930களில் மின்சாரம் தரத் தொடங்கி, 1983-இல் அணைந்து, 2022-இல் கடைகளும் வீடுகளுமாகத் திறந்தது. அதன் கட்டடக் கலைஞர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த பேங்க்சைடு நிலையம் 2000-இல் கலைக்கூடமானது.

அனல்மின் நிலையம் தண்ணீரைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் தண்ணீராக்க வேண்டும். அதற்கு ஏராளமான நீர் தேவை. தேம்ஸில் நிலக்கரியும் கப்பலிலேயே வந்து இறங்கியது.

நம் பக்கம், சென்னைக்குப் பேசின் பிரிட்ஜ் மின்நிலையம். மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் அங்கே நிலக்கரியை எரித்து நகரத்துக்கு விளக்கேற்றியது. 1947-இல் அரசு அதை ஏற்றது. 1996-இல் அங்கே 120 மெகாவாட் எரிவாயு டர்பைன் நிலையம் வந்தது.

கரிசல் பூமிக்கு ஆறு ஏது? அதனால் கடல்தான் கைகொடுத்தது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கியது. பின்பு தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050. குளிர்விப்பது கடல்நீர், நிலக்கரி வருவது துறைமுகம் வழியே.

அந்தப் பழைய அலகுகள் ஓய்வுபெறும் நாளில் ஒரு கொதிகலன் கூடத்தையாவது இடிக்காமல், ஓட்டப்பிடாரம் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும் காட்சியகமாக்க வேண்டும். வாசகர் இதை மின்வாரியத்துக்கு எழுதிக் கேட்கலாம்.