பட்டை மேலா, கீழா: நார்வே விறகடுக்கு குறித்த ஓர் ஆராய்ச்சி

பிளந்த விறகை அடுக்குங்கால் அதன் பட்டை வானம் பார்க்க வேண்டுமா, மண் பார்க்க வேண்டுமா என்னும் ஐயம், கணப்படுப்பால் வீட்டைச் சூடேற்றும் நார்வே நாட்டாரை இரு கட்சியாக்கியுள்ளது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான என்ஆர்கே, லார்ஸ் மிட்டிங்கின் விறகு நூலைத் தழுவி 12 மணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் 8 மணி நேரம் எரியும் கணப்பு மட்டுமே காட்டப்பட்டது. அந்நிகழ்ச்சியைப் பற்றி வந்த முறையீடுகளுள் பாதி பட்டை மேலிருந்ததையும், மீதி அது கீழிருந்ததையும் கண்டித்தன என்று அந்நூலாசிரியரே கூறியுள்ளார்.

மேற்பட்டையார், பிர்ச் மரத்தின் பட்டை நீர் புகாதது ஆகலின் அதுவே அடுக்கிற்கு ஓடாகும் என்பர். கீழ்ப்பட்டையாரோ, ஈரம் வெளியேறுவது பிளந்த முகத்தின் வழியே ஆதலால் அம்முகத்தைக் காற்றுக்குக் காட்டாமல் கவிழ்ப்பது பேதைமை என்பர். இரு சாராரும் தத்தம் பாட்டனாரையன்றி வேறு சான்று காட்டுவதில்லை.

உண்மையில் வழக்கின் வேர் பட்டையில் இல்லை, ஈரத்தில் உள்ளது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அது 20 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினாலன்றி விறகு செவ்வனே எரியாது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 0.6 யூனிட் மின்சாரத்திற்கு நிகரான வெப்பம் செலவாகும் என்பது சிறிய இழப்பே. பெரிய இழப்பு, அடுப்பு சூடேறாமையால் மரத்திலிருந்து எழும் வாயுக்கள் பற்றாமல் வெளியேறி, புகைபோக்கியின் உட்சுவரில் கரிப்பிசினாகப் படிந்து, பின்னொரு நாள் அங்கேயே தீப்பிடிப்பது. ஆகவே குளிர்காலத்தின் இறுதியிலோ வசந்தத் தொடக்கத்திலோ மரத்தை வெட்டி, தாமதமின்றிப் பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, கோடை முழுவதும் காற்றாட விடுவதே முறை. காய்ந்ததை அறிய, பிர்ச் துண்டின் ஒரு வெட்டுமுகத்தில் சோப்பு நீரைத் தடவி மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழி எழும். மரத்தின் நுண்குழாய்கள் நீரின்றித் திறந்துள்ளன என்பது அதன் பொருள். இச்சோதனையின்போது ஆய்வாளர் நாகசுர வித்துவானைப் போலக் கன்னம் உப்புவது தவிர்க்க இயலாதது.

மரவகை பற்றிய பூசலும் இத்தகையதே. காய்ந்தபின் கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பம் தரும். ஸ்புரூஸ் மரத்தைவிட பிர்ச் அடர்த்தி மிக்கது ஆதலால், ஒரே அளவு அடுக்கில் அதிக நேரம் எரிகிறது, அவ்வளவே.

எனவே, கூரைக்கடியில் உள்ள அடுக்கைப் பொறுத்தவரை பட்டை வழக்கு தள்ளுபடியாகிறது. கூரையற்ற அடுக்கில், மேல் வரிசைக்கு மட்டும், மேற்பட்டையார் கட்சியே செல்லும்.