ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட் மாஸ்டர்

கொடுங்கையூரில் ஒருவரை 'சார்' என்று கூப்பிட்டால் அவர் இ.பி.யில் இருப்பார், இல்லையென்றால் எல்.ஐ.சி. போடச் சொல்வார். 'தலைவரே' என்றால் வார்டில் ஏதோ பொறுப்பு. 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது இரண்டே பேர். ஒருவர் டீக்கடையில் பாய்லர் முன் நிற்பவர், இன்னொருவர் டிவியில் ஆடுபவர். டீ மாஸ்டருக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. நாம் பார்க்கப்போவது மற்றவரை.

கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மூலக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட உடம்பின் எடை முழுக்க ஒரு காலில் இருக்கும். தலைமுடி வேரில் கருப்பு, நுனியில் போன சீசன் 'கான்செப்ட் ரவுண்டு'க்கு அடித்த சாயத்தின் மிச்சம். பையில் முழங்கால் கேப், வாலினி ஸ்ப்ரே, இன்னொரு ஜோடி ஷூ. நடக்கும்போது உதடு முணுமுணுக்கும். பாட்டிகள் அம்மன் பேரைச் சொல்கிறான் என்று பூரித்துப்போவார்கள். கிட்டே போனால் 'ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்' என்று கேட்கும். கல்யாண வீட்டில் மொய்ப்பணத்தை அவரிடம் கொடுக்க மாட்டார்கள். எட்டுக்கு மேல் எண்ண மாட்டார், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

வடசென்னைக்கு ஆட்டம் புதுசு இல்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால், ராயபுரம் பக்கம் பாக்ஸிங், வண்ணாரப்பேட்டையில் கேரம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா அந்தப் பக்கத்துப் பெண்தான். இந்த வரிசையில் நாலாவது டான்ஸ். மற்ற மூன்றுக்கும் இடம் வேண்டும், சாமான் வேண்டும், இதற்கு மோளம் போதும். எங்கள் ஏரியாவில் ஒரு பையன் முதன்முதலில் தெருவில் இறங்கி ஆடுவது பெரும்பாலும் யாராவது ஒரு தாத்தாவின் கடைசி ஊர்வலத்தில்தான். அங்கே நடுவர் கிடையாது. யாருக்காக ஆடுகிறோமோ அவரும் கருத்துச் சொல்வதில்லை. அதனாலேயே அந்த ஆட்டத்தில் ஒரு சுதந்திரம் இருக்கும். பிற்பாடு எந்த செட்டிலும் அது கிடைக்காது.

டிவிக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தின்மேல் கண் விழுந்தது 2006 வாக்கில். விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் 1', அடுத்த வருஷமே கலைஞர் டிவியில் 'மானாட மயிலாட'. கலா மாஸ்டரின் 'கிழி கிழி கிழி'யும் நமீதாவின் 'மச்சான்ஸ்'உம் தமிழ்நாட்டின் பொதுச்சொத்து ஆனது அப்போதுதான். ஜோடிகளுக்கு நடுவில் கெமிஸ்ட்ரி 'வொர்க் அவுட்' ஆகிறதா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. நம் மாஸ்டருக்கு அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி அவருக்குக் கடைசிவரை வொர்க் அவுட் ஆகவில்லை.

ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒரு புராணம் மனப்பாடம். அதில் முதல் நாயன்மார் லாரன்ஸ். ஸ்டன்ட் மாஸ்டர் சூப்பர் சுப்பராயனிடம் கார் துடைத்துக்கொண்டிருந்த பையன், ஆட்டத்தைப் பார்த்த ரஜினி டான்சர் யூனியனில் சேர்த்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போது மாஸ்டரின் குரல் கம்மும். யூனியன் கார்டு இல்லாமல் சினிமாப் பாட்டில் பின்வரிசையில்கூட நிற்க முடியாது, கார்டுக்குக் கட்டவேண்டிய தொகை கம்மலைக் கழற்றவைக்கிற தொகை. ஆகவே ரஜினியின் கார் எப்போதாவது கொடுங்கையூர் வழியாக வரும் என்று எங்கள் பையன்கள் காத்திருக்கிறார்கள். வந்தாலும் மூலக்கடையில் மெட்ரோ வேலைக்காக வளைத்துவிடுகிற வளைப்பில் கார் மாதவரம் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்த கதை கொஞ்சம் பெருமூச்சு கலந்தது. ஜோடி நம்பர் 1-ல் ஆடி, பிறகு அதைத் தொகுத்தும் வழங்கிய சிவகார்த்திகேயன் 2012-ல் 'மெரினா'வில் கதாநாயகன் ஆகிவிட்டார். அந்தத் தளத்தில் ஸ்டெப் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்களில் பலர் இன்னும் ஸ்டெப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலைவிட வாய் சீக்கிரம் ஊர் போய்ச் சேரும்போல. சாண்டி மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மானாட மயிலாட காலத்திலிருந்து ஆடுகிறவர், 2019 பிக் பாஸில் இரண்டாவதாக வந்தவர். ஆனால் 2023-ல் 'லியோ'வில் சைக்கோ கொலைகாரனாகக் காபி கடைக்குள் நுழைந்த சில நிமிஷத்தில், ஒரு ஸ்டெப்கூடப் போடாமல் தியேட்டரையே கட்டிப்போட்டார். அன்றிலிருந்து எங்கள் மாஸ்டரும் கண்ணாடி முன்னால் நின்று கண் கொட்டாமல் முறைத்துப் பழகினார். பயந்துபோன அம்மா, பெரியபாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையில் கயிறு கட்டிவிட்டார்.

சரி, டிவியில் அவருக்கு என்னதான் வேலை? லண்டனில் பிபிசி 2004-ல் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' என்று ஒன்றை ஆரம்பித்தது. ஒரு பிரபலம், ஒரு தொழில்முறை டான்சர், இரண்டு பேரும் ஜோடி. ஜெயித்தால் கோப்பையை இருவரும் சேர்ந்து தூக்குவார்கள். நம் ஊரில் கோப்பையைப் பிரபலம் தூக்குவார், பிரபலத்தை மாஸ்டர் தூக்குவார். பிரபலத்துக்கு சீரியல் ஷூட்டிங், கடைத் திறப்பு விழா, ஜலதோஷம். ரிகர்சலுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் ரீல்ஸ். எனவே அவருக்கு மூன்று ஸ்டெப், அவரைச் சுற்றி மாஸ்டருக்கு முப்பது ஸ்டெப். பல்டி இவர் அடிப்பார், முடியைக் கோதிக்கொண்டு அவர் நிற்பார். பாட்டு முடிந்ததும் நடுவர் எழுந்து நின்று, "அந்த எனர்ஜி இருக்கு பாரு!" என்பார், நின்றவரைப் பார்த்து. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் குனிந்திருப்பவரை கேமரா காட்டாது. என்னைக் கேட்டால், ஆடத் தெரியாதவரை ஆடுகிறவராகக் காட்டுவதுதான் இதில் பெரிய வித்தை. அது எவ்வளவு நன்றாக அமைகிறதோ அவ்வளவு தூரம் செய்தவர் மறைந்துபோவார்.

லிஃப்ட் போடும் இடத்தில் இந்த அநியாயம் உச்சத்துக்குப் போகும். கேமரா மேலே போகிறவரின் முகத்துக்குப் போய்விடும். திரையில் மிஞ்சுவது இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கை. மாஸ்டரின் அம்மா அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார். "தோ பாரு, தோ பாரு, கயிறு தெரியுது பாரு! எம் புள்ள கை!" எதிர்வீட்டு அக்கா, "ஆமா ஆயா, நல்லா தெரியுது" என்பார். பெரியபாளையத்தம்மன் அந்த அளவுக்காவது காப்பாற்றினாள்.

அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். 1983-ல் கண்டெய்னர் டெர்மினல் திறந்த பிறகு மூட்டைக்கு மவுசு குறைந்துகொண்டே வந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, முட்டி தேய்கிறவரை தூக்கியவர். மகனின் தொழிலைப் பற்றி அவருக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு.

"நானும் அம்பது கிலோ தூக்குனேன், நீயும் அம்பது கிலோ தூக்குற. என் மூட்டை எனக்கு முன்னாடி செல்ஃபி எடுத்துகினு நிக்காது. எறக்கி வெச்சா, இன்னும் ஸ்மூத்தா எறக்கியிருக்கலாம்னு மூணு பேர் ஒக்காந்து மார்க்கு போட மாட்டான். சாய்ந்தரம் ஆனா கைல கூலி."

"அது ஆர்ட்டுபா" என்பார் மாஸ்டர்.

"ஆர்ட்டுக்கு எப்பக் காசு தருவான்?"

இதற்கு மாஸ்டரிடம் பதில் இருக்காது. எபிசோடு டெலிகாஸ்ட் ஆக வேண்டும், இன்வாய்ஸ் போக வேண்டும், அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு முடிந்து வர வேண்டும். ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுப்பார்கள். காலை ஏழு மணிக்கு வரச்சொன்னால் நள்ளிரவில் ஷாட் வரும். பூந்தமல்லி தாண்டி இருக்கிற செட்டிலிருந்து விடியற்காலை டூ வீலரில் வீடு திரும்பும் மாஸ்டரை எர்ணாவூர் போகிற லாரிகள்தான் முதலில் வரவேற்கும்.

ஆட்டம் மட்டும் போதாது, அழுகையும் வேண்டும் என்று ஒரு ரவுண்டு உண்டு. அதற்கு 'ஏ.வி.' என்கிற வாழ்க்கைக்கதை வீடியோ எடுக்க ஆள் வருவார்கள். எங்கள் மாஸ்டர் வீட்டுக்கும் ஒரு சேனலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். குடிசையைத் தேடி வந்தவர்கள், முத்தமிழ் நகரில் டைல்ஸ் போட்ட வீட்டையும் இரண்டு கதவு ஃப்ரிட்ஜையும் பார்த்ததும் முகம் வாடிப்போனார்கள்.

"அம்மா, இந்த ஃப்ரிட்ஜை அந்த ரூமுக்குத் தள்ளிடலாமா?"

"ஏன்பா? நல்லாத்தான ஓடுது?"

"இல்லம்மா, ஃபிரேம்ல வேணாம்."

"பதினோரு டியூ கட்டிக்கீறேன், இன்னும் ஏழு பாக்கி. அது டிவில வராம வேற இன்னா வரணும்?"

அம்மா கட்டியிருந்தது மூத்த மகள் கல்யாணத்துப் பட்டுப்புடவை. கொஞ்சம் பழசாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். "பழசு கட்டிகினு டிவில வந்தா என் நாத்தனா இன்னா பேசுவா தெரியுமா?" என்று அந்தக் கதவும் சாத்தப்பட்டது. கடைசியில் அப்பாவிடம் வந்தார்கள்.

"அப்பா, பையன் சின்ன வயசுல பட்ட கஷ்டத்தை நெனச்சு கொஞ்சம் ஃபீல் பண்ணுங்க."

"அவன் எங்க கஷ்டப்பட்டான்? நான்தான் கஷ்டப்பட்டேன்."

வேறு வழியில்லாமல் மாஸ்டரை மட்டும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தி, சூரியன் இறங்குகிற நேரத்தில் ஸ்லோமோஷனில் நடக்கவிட்டு, புல்லாங்குழல் போட்டார்கள். நடுவர்கள் தேம்பினார்கள். மறுநாள் தெருவில் பஞ்சாயத்து. "நாங்க இன்னா குப்பைமேட்டு மேலயா குடியிருக்கோம்? என் தம்பிக்குப் பொண்ணு பாத்துகினு கீறோம், அந்தப் பொண்ணு வூட்டுல போன் பண்ணி வாசனை வருமான்னு கேக்குறாங்க" என்று ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். வாசனை வரும் என்பதுதான் உண்மை. நகரத்துக் குப்பையில் ஏறத்தாழ பாதியைப் பல வருஷமாகச் சுமக்கிற மேடு அது. கோடையில் தீப்பிடித்தால், செட்டில் டிரை ஐஸ் வைத்துக் கொண்டுவருகிற எஃபெக்ட் எங்களுக்கு மொட்டைமாடியில் இலவசம், ரிகர்சலில் பாதிப் பேர் இருமுவார்கள். இப்போது பழைய குப்பையைப் பயோமைனிங் செய்கிறார்கள். 2025-ல் அங்கே எரிவுலை வரக்கூடாது என்று வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி பிடித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மாஸ்டரைக் கொண்டுபோய் நிறுத்தினால் சும்மா கை கோர்த்து நிற்க மாட்டார். 'நடுவுல கேப் விழுது, ஃபார்மேஷன் பாருங்கம்மா' என்று வரிசையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

எலிமினேட் ஆவது இந்தத் தொழிலில் பெரிய விஷயமே இல்லை. வைல்டு கார்டில் திரும்பி வந்து, மறுபடி எலிமினேட் ஆகலாம். மும்பையின் 'வி அன்பீட்டபிள்' டான்ஸ் குழுப் பையன்களை மாஸ்டர் உதாரணம் காட்டுவார். 2019-ல் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்' மேடையில் 'பேட்ட' பாட்டுக்கு ஆடி முதல் இடத்தைத் தவறவிட்டவர்கள், அடுத்த வருஷம் அதே நிகழ்ச்சியின் சாம்பியன்ஸ் பட்டத்தை வாங்கினார்கள். "பாட்டு நம்முது, கப்பு அவுனுங்குளுது" என்று முடிப்பார்.

ஆனால் அரிசி வாங்குவது வேறு இடத்திலிருந்து. டிசம்பர் சீசன் மயிலாப்பூருக்கு என்றால், எங்கள் மாஸ்டருக்கு ஜனவரி, பிப்ரவரி. மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் ஆண்டு விழா. டிவியில் இரண்டு கை மட்டும் தெரிந்தவருக்கு இங்கே நோட்டீஸில் போட்டோவுடன் பெயர், அதற்கு முன்னால் 'டிவி புகழ்' என்ற பட்டம், அந்தப் பட்டத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற தொகை. டிவிக்குப் போய் அவர் சம்பாதித்தது அந்த ஒரு சொல்லைத்தான். கரஸ்பாண்டென்ட் மேடம் கறார்.

"மாஸ்டர், யு.கே.ஜி.ல நாப்பத்திரெண்டு பசங்க. எல்லாரும் முதல் வரிசைல நிக்கணும்."

"ஸ்டேஜ் இருவதடி மேடம்."

"எல்லா பேரன்ட்ஸும் காஸ்ட்யூமுக்கு ஒரே காசுதான் கட்டியிருக்காங்க."

இந்தக் கணக்கை இராமானுஜன்கூட ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பார். மாஸ்டர் அங்கேயே தரையில் சாக்பீஸால் கோடு போட்டு முடித்துவிட்டார். மூன்று வரிசை. எட்டு கவுண்டுக்கு ஒருமுறை முன்வரிசை இரண்டாகப் பிரிந்து பின்னால் ஓடும், அடுத்த வரிசை முன்னால் வரும். ஓடுவதும் ஸ்டெப்தான் என்று பிள்ளைகளை நம்பவைத்திருந்தார். விழா அன்று மேடையில் ஒரு பையன் மீன் வேஷத்தில் திசை தெரியாமல் நின்று அழ, பக்கவாட்டிலிருந்து மாஸ்டர் எட்டிக் கையை நீட்டி அவனை அப்படியே தூக்கி அடுத்த வரிசையில் வைத்தார். கயிறு கட்டிய கை மட்டும்தான் தெரிந்தது. அதுவும் டான்ஸில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நாப்பத்திரெண்டு அம்மாக்களிடமும் அவரவர் பிள்ளை முன்னால் நின்ற வீடியோ இருக்கிறது.

போன வாரம் மாஸ்டருக்குப் போன் வந்தது. புது சீசன். காமெடி ஷோவில் கலக்கிய ஒரு பிரபலம், நல்ல பேர், நல்ல ரீச், முதல் வாரமே லிஃப்ட் ரவுண்டு. பேமெண்ட் பற்றி மாஸ்டர் கேட்டதற்கு, 'பாத்துப் பண்ணிக்கலாம் மாஸ்டர், நம்ம ஷோதானே' என்றார்கள். டான்ஸ் தெரியுமா என்றதற்குச் சிரித்தார்கள். அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது இருக்கட்டும் சார், ஆளு எத்தினி கிலோ?"