தகதிமியும் அல்ஹாம்ப்ராவும்

எண்பதுகளில் பாரிட் புந்தாரில் கிட்டார் என்றால் கப்போக் கிட்டார்தான். இரும்புக் கம்பி கட்டிய அந்த ஒரு கிட்டாரைச் சுற்றி ரப்பர் தோட்டத்து லயத்துப் பையன்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்போம். வானொலிப் பாட்டுக்கு மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தவன் அன்றைக்கு நாயகன். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தது. ‘இளைய நிலா’வின் கிட்டாரைக் கேட்ட பிறகுதான், கார்டு அடிப்பது வேறு, ஒவ்வொரு விரலும் தனித்தனியே பேசுவது வேறு என்று காதில் ஏறியது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர் என்று படித்தபோது, எனக்கும் அந்தப் படிப்பின் மேல் ஆசை பிறந்தது.

அதற்குப் பினாங்குக்குத்தான் போக வேண்டும். பட்டர்வொர்த்துக்குப் பஸ், அங்கிருந்து ஃபெரி. நைலான் கம்பியும் கர்கஸியின் 25 பயிற்சிகள் அடங்கிய புத்தகமும் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன. டாரெகாவின் ‘அல்ஹாம்ப்ரா நினைவுகள்’ இரவலாகக் கிடைத்தது. ஐந்து கோடு போட்டு, புள்ளி புள்ளியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். வலக்கை நகம் வளர்ந்திருந்தால்தான் நைலான் கம்பியில் நாதம் தெளிவாக வரும். “நகத்த வளத்துக்கிட்டு எப்படிடா பால் வெட்டுவ?” என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. மங்கிலிருந்து கட்டிப்பாலைப் பிடுங்கும்போது நகம் ஒடிந்தால், அது வளரும்வரை அந்த விரலின் ஒலி சப்பென்றுதான் இருக்கும்.

அல்ஹாம்ப்ராவின் கஷ்டம் இதுதான்: பெருவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் நடக்க, மோதிர விரலும் நடுவிரலும் சுட்டுவிரலும் ஒரே கம்பியை அடுத்தடுத்து மீட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு அடி, ஒரு பாருக்கு ஆறு சுற்று. நான்கும் ஒரே இடைவெளியில் விழுந்தால் மேல் ஸ்வரம் அறுபடாமல் நீண்டு ஒலிப்பதுபோல் கேட்கும். ஒன்று முந்தினாலும் குதிரை ஓட்டம்தான். என் கையில் பல மாதம் குதிரைதான் ஓடியது.

வழி காட்டியவர் எங்கள் மாரியம்மன் கோயில் தவில்காரர். திருவிழாவுக்கு வந்தவர், நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நாலு வெரலும் தகதிமிதானே? வாயில சொல்லிக்கிட்டே மூணு காலத்துல வாசி. மொதக் காலம் சுத்தமா வந்தா மூணாங் காலம் தானா வரும்.”

அப்படியே செய்தேன். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஓர் அடி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு. தட்டின் வேகம் மாறவே கூடாது. பிறகு அழுத்தத்தை ‘த’விலிருந்து ‘க’வுக்கும், ‘தி’க்கும், ‘மி’க்கும் மாற்றிப் பார்த்தேன். எந்த விரல் சோம்புகிறது என்பது அப்போது உடனே பிடிபட்டது. குதிரை நின்றது.

இன்று அந்தத் தோட்டம் செம்பனை, லயங்கள் இல்லை. பிள்ளைகள் தாமான் வீடுகளில் வளர்கிறார்கள். பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் ஓடுகிறது, கம்பி வாசலுக்கே வருகிறது, காப்புரிமை தீர்ந்த இசைத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிட்டார் மேதை செகோவியாவின் பழைய ஒலிப்பதிவைக்கூடக் கைப்பேசியில் கேட்கலாம். இத்தனை வசதி வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் வாரமே அல்ஹாம்ப்ராவையோ அல்பேனிஸ் பியானோவுக்கு எழுதிய ‘அஸ்தூரியாஸை’யோ கேட்கிறார்கள். காணொளியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு விரல் எங்கே போகிறது என்று பிடித்துவிடுகிறார்கள். நான்கு அடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மட்டும் கைக்கு வருவதில்லை.

அவர்களை நான் தடுப்பதில்லை. கர்கஸியின் 7ஆம் பயிற்சியைக் கொடுத்து, வாயால் தகதிமி சொல்லி மூன்று காலத்தில் வாசிக்கச் சொல்கிறேன். அன்று இசைத்தாள் கிடைப்பதே அரிது, அதனால் நிதானம் தானாகவே அமைந்தது. இன்று அதை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது புதிதும் அல்ல. கோயிலில் தவில் பழகும் பையனும் சரளி வரிசை பாடும் பெண்ணும் முதல் நாளிலிருந்து செய்வது இந்த மூன்று காலப் பயிற்சியைத்தான். எந்தக் கடினமான கிட்டார் உருப்படிக்கும் அந்தப் பயிற்சியே போதுமான தொடக்கம்.