பாஸ் சொன்ன பிறகும் பேசலாம்

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் முதலில் ‘பாஸ்’ சொல்லிவிட்டு, கூட்டாளி ஏலத்தைத் தொடங்கியதும் துணிந்து கேட்பது முரண் இல்லையா?
– ஒரு வாசகர், கம்போங் ராஜா, கேமரன் மலை

பதில்: முரணே இல்லை. பாஸ் என்பது மௌனம் அல்ல, வாக்குமூலம். ஆசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கட்டில் மொத்தம் 40 புள்ளி. அதில் என்னிடம் 12கூட இல்லை என்று முன்பே சொல்லியாயிற்று. உச்சவரம்பை அறிவித்தவர் பிறகு உரக்கக் கேட்டாலும் கூட்டாளி ஏமாறமாட்டார். அவர் ‘ஒரு இஸ்பேட்’ என்றதும், நாலு இஸ்பேடும் ஒற்றை டைமனும் உள்ள 10 புள்ளிக் கை வளர்ந்துவிடுகிறது. இரண்டாவது டைமனிலிருந்தே துருப்பால் வெட்டலாமே! சீட்டு அதேதான், மதிப்புதான் ஏறிவிட்டது.

‘மூன்றாவதாகப் பேசும் கூட்டாளி 10 புள்ளியிலேயே தொடங்கியிருந்தால் கவிழ்ந்துவிட மாட்டோமா?’ என்பீர்கள். நியாயமான பயம். அதற்குத்தான் பிரிட்ஜ் ஆட்டக்காரர் டக்ளஸ் டுரூரி வழி வகுத்தார்: பாஸ் சொன்னவர் ‘இரண்டு கிளாவர்’ என்றால், ‘உன் இஸ்பேடுக்கு நான் துணை, உன் தொடக்கம் முழுபலமா?’ என்று பொருள். இல்லையென்றால் இரண்டு இஸ்பேடிலேயே நின்றுவிடலாம். ஆகவே கை பொருந்தினால் தயங்காமல் ஏறுங்கள். பொருந்தாவிட்டால் 11 புள்ளி இருந்தாலும் அடங்குங்கள். புதுச் செய்தி எதுவும் இல்லாமல் அதே சீட்டை நம்பி மறுபடி மறுபடி கேட்பதுதான் பிழை.