காற்று சரியில்லை

பஹாமாஸில் கிரேட் எக்ஸுமா என்றொரு தீவு. அதில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு சிற்றூர். ஊருக்கும், எதிரே நீளமாகப் படுத்திருக்கும் ஸ்டாக்கிங் தீவுக்கும் நடுவே எலிசபெத் துறைமுகம். குளிர்காலத்தில் அங்கே நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும். பாதிக்கு மேற்பட்டவற்றில் அச்சில் வார்த்த மாதிரி ஒரு ஜோடியைப் பார்க்கலாம். அறுபதைத் தாண்டியவர்கள், அமெரிக்கர்கள், இல்லாவிட்டால் கனடாக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்று, கரீபியன் கடலை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது என்று கிளம்பி வந்தவர்கள். வந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள். இப்படி நின்றுவிட்டவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் கடலோடிகள் அந்தத் துறைமுகத்துக்கு ‘சிக்கன் ஹார்பர்’, அதாவது கோழைத் துறைமுகம், என்று பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு ஜோடியில் ஐயாவைக் கேட்டால், தைரியத்துக்கு என்ன குறைச்சல், காற்றுதான் சரியில்லை என்பார். அதில் உண்மையும் இருக்கிறது. கரீபியனுக்கு அங்கிருந்து தென்கிழக்கே போக வேண்டும். தடக்காற்றோ கிழக்கேயிருந்து முகத்தில் அறையும். காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து குளிர்க்காற்று இறங்கி வரும் சமயத்தில் மட்டும் காற்று தெற்கே திரும்பி, மேற்கே போய், ஒரு வட்டம் அடிக்கும். அந்தச் சில நாள் இடைவெளியை ‘ஜன்னல்’ என்பார்கள். ஐயா தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து வானிலை வரைபடங்களைப் புரட்டி ஜன்னல் பார்க்கிறார். இது அவருக்கு மூன்றாவது குளிர்காலம்.

படகு நாற்பதடி. கரையிலிருந்து பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். உள்ளே போனால் சமையலறை, கூடம், வரைபட மேசை எல்லாம் ஒரே இடம். ஒருவர் நகர வேண்டுமானால் மற்றவர் உட்கார வேண்டும். கோபித்துக்கொண்டு வெளியே போக வாசல் உண்டு, தெரு கிடையாது. கரைக்குப் போக டிங்கி என்கிற ரப்பர் படகு ஒன்றுதான். கோபத்தில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால், இன்னொருவர் தண்ணீர் நடுவே சிறை. அதனால் சண்டைகளை டிங்கி திரும்புவதற்குள் முடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. விவாகரத்து வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு.

ஆனால் நங்கூரச் சண்டையை மட்டும் அப்படி அடக்கிவிட முடியாது. அது பொதுநிகழ்ச்சி.

சுக்கானில் ஐயா. படகின் மூக்கில் சங்கிலியோடு அம்மா. பலமாக இழுக்க வேண்டிய வேலை மூக்கில்தான் இருக்கிறது, ஆகவே ஆள் மாறி நிற்பதே புத்திசாலித்தனம் என்று கையேடுகள் சொல்கின்றன. சுக்கானை விட்டுக்கொடுத்த ஐயா அபூர்வம். இருவருக்கும் இடையே நாற்பதடி தூரம், எஞ்சின் சத்தம், காற்று. முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் கைச்சைகை எல்லாம் பேசி வைத்தாயிற்று: விரல் மேலே என்றால் முன்னால் போ, முஷ்டி என்றால் நிறுத்து. அம்மா இப்போது முஷ்டி காட்டுகிறார். அது ‘நிறுத்து’ என்கிற முஷ்டிதானா என்று ஐயாவுக்குச் சந்தேகம். “என்ன ஹனி?” என்று கத்துகிறார். இரண்டாம் முறை கத்தும்போது ‘ஹனி’ உதிர்ந்துவிடுகிறது. ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். ஏழு மடங்கு விட்டால் தூக்கம் வரும். எத்தனை மீட்டர் விட்டாய் என்கிறார் இவர். எத்தனை மீட்டர் ஆழம் என்று நீ சொன்னால்தானே என்கிறார் அவர். இதற்குள் சுற்றியுள்ள படகுகளில் எல்லோரும் கையில் ஒரு கோப்பையோடு மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். சூரிய அஸ்தமனம் பார்க்கிறார்களாம். மணி மூன்று.

இந்தக் காட்சிக்காகவே காதில் மாட்டிக்கொண்டு பேசும் கருவி ஒன்று விற்கிறது. படகுக்காரர்கள் அதைத் ‘திருமண ரட்சகன்’ என்றே அழைக்கிறார்கள். வாங்கினால் ஊரார் காது தப்பும். திருமணத்துக்கு என்ன ஆகும் என்பது என்ன பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நங்கூரம் விழுந்து பிடித்ததும் ஐயாவுக்குப் புது உயிர் வந்துவிடும். நங்கூரத்தைப் பற்றிப் பேச அவருக்கு இணை அவர்தான். சி.கியூ.ஆர். என்னும் கலப்பை நங்கூரத்தை 1933இல் உருவாக்கியவர் ஜி.ஐ. டெய்லர், பாய்மச் சுழல்களை ஆராய்ந்து பெரும் பெயர் பெற்ற அதே பிரிட்டிஷ் அறிவியலாளர், தானும் ஒரு படகுக்காரர். அப்பேர்ப்பட்ட மூளை யோசித்த பொருளை, நியூசிலாந்தின் ராக்னா நங்கூரக் கட்சிக்காரர்கள் கடற்கரை மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு பழைய இரும்பு என்பார்கள். சைவ வைணவச் சண்டை அங்கே இரவு பத்து மணி வரை நடக்கும்.

அம்மா இதில் கலந்துகொள்வதில்லை. அவருக்கு வேலை இருக்கிறது. அட்டைப்பெட்டியில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், வாங்கிய சாமான் எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, அட்டையை அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். கோழிமுட்டைகளுக்கு ஒவ்வொன்றாக வாஸலின் தடவ வேண்டும். தடவினால் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். தரைப்பலகைக்கு அடியில் வைக்கும் டின்களின் காகிதம் ஈரத்தில் உரிந்து போய்விடும். அதனால் மூடி மூடியாக மார்க்கர் பேனாவால் பெயர் எழுத வேண்டும். ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஐயா காகிதத்தை எல்லாம் உரித்துவிட்டு, எழுதுவதற்கு முன் வானிலை பார்க்கப் போய்விட்டார். அந்த மாதம் முழுக்க இரவுச் சாப்பாடு என்னவென்பது டின்னைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

கழிப்பறை தனி அதிகாரம். கைப்பம்பு வைத்தது. விருந்தாளி வந்தால் முதலில் ஐயாவின் பத்து நிமிடச் சொற்பொழிவைக் கேட்டாக வேண்டும். சாராம்சம், நீங்கள் முதலில் தின்றிராத எதையும் உள்ளே போடாதீர்கள் என்பது. சொற்பொழிவையும் மீறி அது அடைத்துக்கொள்ளும். இப்படி ஒருநாள் முழங்கை வரை கைவிட்டிருந்த ஐயா, ஆறுதலுக்காகப் பார்டி தம்பதியை நினைவுகூர்ந்தார். லின், லாரி பார்டி இருவரும் செராஃபின் என்கிற இருபத்து நாலடிப் படகில், எஞ்சின்கூட இல்லாமல், உலகைச் சுற்றி வந்தவர்கள்.

“அவர்களிடம் இந்தப் பம்பெல்லாம் கிடையாது, தெரியுமா? வெறும் வாளிதான்.”

“தெரியும். அந்தப் படகை லாரி தன் கையாலேயே கட்டினார் என்பதும் தெரியும்” என்றார் அம்மா.

ஐயா மறுபடி பம்புக்குள் குனிந்துகொண்டார்.

தினமும் காலை எட்டு மணிக்கு வி.எச்.எஃப். ரேடியோவில் துறைமுகம் முழுக்க ஒன்றுகூடும். வானிலை, யாருக்கு எந்த உதிரிபாகம் வேண்டும், கடற்கரையில் யோகா எத்தனை மணிக்கு, வாலிபால் யாரோடு யார். இங்கே ஆட்பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை, படகின் பெயர்தான் குடும்பப்பெயர். நேற்று கூச்சல் போட்டது யார் என்றால், “செரினிட்டி.”

சென்ற பிப்ரவரியில் ஜன்னல் திறந்தேவிட்டது. செவ்வாயன்று காற்று தெற்கே திரும்பியது. கடல் தட்டையாகக் கிடந்தது. ஐயா வரைபடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு, பம்புக்கான ரப்பர் வால்வு புதன்கிழமைத் தபால் கப்பலில்தானே வருகிறது என்பது நினைவுக்கு வந்தது. வியாழனன்று வாலிபால் அரையிறுதி. அணியை நட்டாற்றில் விட முடியுமா? வெள்ளிக்கிழமை பயணம் தொடங்கக் கூடாது என்பது மாலுமிகளின் பழைய சாத்திரம். ஐயா பகுத்தறிவாளர்தான், ஆனால் கடலோடு எதற்கு வம்பு? சனிக்கிழமை விடியும்போது காற்று பழையபடி கிழக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

“பார்த்தாயா, நான் என்ன செய்ய முடியும்?” என்று ஐயா கையை விரித்தார். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை விருந்துக்கு ஐம்பது பேருக்கு சாலட் கொண்டுவருவதாக, செவ்வாய்க்கிழமை காலையே அவர் ரேடியோவில் சொல்லிவிட்டிருந்தார்.