ஓகே: நான்கு மாத்திரைச் சொல்

ஓகே என்பது ஈரெழுத்து ஒருசொல். இரண்டும் நெடில், ஆகவே நான்கு மாத்திரை. இந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் உறவு கெடும் என்பதே யாம் இங்கு நிறுவப்புகும் கொள்கை.

முதலில் பிறப்பு. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அந்தத் தப்புக்கு முதலெழுத்துச் சுருக்கம் செய்வார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ ஆக்கிச் சுருக்கிய ஓ.கே., 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் அச்சேறியது. எல்லாம் சரி என்று சான்றளிக்கும் சொல் எழுத்துப்பிழையாகவே பிறந்தது. ‘ஆல் ரைட்’டிலிருந்து அதே முறையில் பிறந்த ஓ.டபிள்யூ. பால்மணம் மாறுமுன்பே மறைந்தது. ஓ.கே.யைக் காப்பாற்றியது அரசியல். 1840 அதிபர் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் ஊர்க்காரர். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அவருக்குப் பட்டம் சூட்டிய ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கமே நடத்தினார்கள். அவர் தோற்றுப்போனார், நம் ஆய்வுக்கு அதனால் குறையொன்றுமில்லை.

இவ்வளவையும் தோண்டியெடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட், 1960களில். அதற்கு முன் இச்சொல்லுக்குச் சாக்டா பழங்குடி மொழியில் வேர் காட்டினார்கள். அதிபர் உட்ரோ வில்சன் அதை நம்பித் தம் எழுத்துக்கூட்டலையே மாற்றிக்கொண்டார். கிரேக்கத்துக்கும் உரிமை கோரப்பட்டது. இதில் தமிழர் வாளாவிருந்ததுதான் வியப்பு. உவகை மருவி ஓகை ஆயிற்று என்பது அகராதி ஒப்பும் செய்தி. ஓகைக்கும் ஓகேவுக்கும் நடுவே நிற்பது ஓர் ஐகாரம்தானே? ரீட் இடம் தரவில்லை. கனத்த மனத்துடன் கைவிடுகிறோம்.

இனிப் பொருள். நன்னூலார் ஓகார இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருளும் ஏகாரத்துக்கு ஆறும் வகுத்தார். ஓவில் தொடங்கி ஏயில் முடியும் இச்சொல்லுக்குப் பெருக்கிப் பார்த்தால் 48 வரும். அவற்றுள் ‘சரி’யும் ஒன்று; வழக்கில் அருகியே காணப்படும். ‘படம் எப்படி?’ என்ற கேள்விக்கு ‘ஓகே’ என்று பதில் வந்தால், டிக்கெட் காசு போச்சு என்று பொருள். ‘ஓகே ஓகே’ என்னும் அடுக்குத்தொடர் விரைவு பற்றி வந்தது. நீங்கள் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது கருத்து. ‘ஓஓஓகே’ என அளபெடுத்தால், உங்கள் கதையில் ஒரு வரியையும் அவர் நம்பவில்லை. ‘ஓகேங்க’ என்பது மரியாதைப்பன்மை, போனை வைக்கப்போகிறார். ‘ஞாயிற்றுக்கிழமை வந்துடுங்க, ஓகேவா?’ என்று மேலாளர் கேட்பது வடிவத்தால் வினா, பொருளால் ஏவல். வினா என மயங்கி விடையளித்தோர் உளர். அவர்களுக்குச் சம்பள உயர்வு கிட்டியதில்லை.

மிகுதியால் வரும் கேடு இவ்வளவே. குறைவால் வருவது கொடிது. வாட்ஸப்பில் ஓகாரம் முழுதும் கெட்டு ‘கே’ மட்டும் எஞ்சுவதுண்டு. இரண்டு மாத்திரைதான், கோபம் மட்டும் நான்கு மாத்திரைக்கும் சேர்த்து வரும். அதன்பின் முற்றுப்புள்ளியும் விழுந்திருந்தால் அதற்கு உரையெழுதப் பழைய உரையாசிரியர்களாலும் இயலாது. அப்படியொரு பதில் உங்களுக்கு வந்திருந்தால், ஆய்வை விட்டுவிட்டு உடனே போன் செய்யுங்கள்.